வங்கி உங்கள் கணக்கை எப்படிப் படிக்கிறது: முதன்முதலாக சிசி லிமிட் வாங்குவோருக்கு

சிசி லிமிட் (கேஷ் கிரெடிட்: சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் ஈடாக வைத்து, ஒரு வரம்புக்குள் தேவைக்கேற்ப எடுத்துக் கட்டும் கடன்) கேட்டு வங்கிக்குப் போகும் சிறு வியாபாரிகள் பெரும்பாலும் சொத்துப் பத்திரத்தைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். பத்திரம் உதவுவது கடன் மூழ்கிய பிறகு. மூழ்குமா என்று கணிக்க வங்கி பார்ப்பது, உங்கள் கணக்கில் அன்றாடம் நடக்கும் வரவு செலவை. யாரிடமிருந்து பணம் வருகிறது, எந்தத் தேதியில் வருகிறது, லிமிட் எத்தனை நாள் முட்டிக்கொண்டு நிற்கிறது, எந்த செக் திரும்பியது என்பதையெல்லாம் நாள்தோறும் பார்க்கும் வாய்ப்பு கடன் கொடுத்த வங்கிக்கு மட்டுமே உண்டு. அந்த வங்கியோடு சேர்ந்தே இருந்தால் கிடைக்கும் லாபமும் அதில்தான் இருக்கிறது, ஆபத்தும் அதில்தான்.

ஜெர்மன் வங்கி ஒன்றின் கணக்கு விவரங்களை வைத்து லார்ஸ் நார்டன், மார்ட்டின் வெபர் இருவரும் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடன் தவறிய வாடிக்கையாளர்களின் கணக்கில், தவறுவதற்குச் சுமார் 12 மாதம் முன்பே லிமிட் பயன்பாடு, லிமிட் மீறல், உள்ளே வரும் பணம் மூன்றும் வழக்கத்திலிருந்து விலகத் தொடங்கியிருந்தன. பேலன்ஸ் ஷீட் வந்து சேரும் முன்பே கணக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது. நம்மூர்க் கிளை மேலாளர்கள் இதை ஆய்வு இல்லாமலே அறிவார்கள். இப்போது அவர்களுக்கு முன்பே கம்ப்யூட்டர் எச்சரிக்கைக் கொடி காட்டிவிடுகிறது.

கீழே உள்ளவை சுமார் 10 லட்சம் முதல் 2 கோடி ரூபாய் வரை லிமிட் கேட்கும் கடை, பட்டறை, சிறு ஆலைகளுக்கானவை. மார்ஜின் விகிதங்கள் (சரக்கு, பாக்கி மதிப்பில் வங்கி கடன் தராமல் உங்கள் பங்காக ஒதுக்கும் சதவீதம்) வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் சாங்ஷன் லெட்டரில், அதாவது கடன் அனுமதிக் கடிதத்தில், உள்ளதே கடைசி வார்த்தை. அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

படி 1: கேட்பதற்கு ஒரு வருடம் முன்பே

எந்த வங்கியில் கடன் வாங்க நினைக்கிறீர்களோ, அங்கே நடப்புக் கணக்கு தொடங்கி, வியாபாரத்தின் முழு வரவையும் அதன் வழியாக விடுங்கள். இங்கே அதிகம் நடக்கும் தவறு, கல்லாவில் ஒட்டியிருக்கும் யுபிஐ கியூஆர் அட்டை. அது உரிமையாளரின் சொந்த சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கும். மாதம் இரண்டு மூன்று லட்சம் அங்கே போய்விடும். கடைக் கணக்கு வற்றிக் கிடக்கும். கியூஆரைக் கடையின் பெயரிலுள்ள கணக்குக்கு மாற்றுங்கள். ரொக்க விற்பனையைக் கல்லாவிலிருந்தே செலவழிக்காமல், கணக்கில் கட்டிவிட்டு அங்கிருந்து செலவு செய்யுங்கள்.

கடன் அதிகாரி மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்: ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யில் காட்டிய டர்ன்ஓவர், ஆடிட்டர் போட்ட கணக்கில் உள்ள விற்பனை, வங்கிக் கணக்கில் வந்த மொத்த வரவு. வரவில் ஜிஎஸ்டியும் சேர்ந்து வருவதால், பாக்கி பெரிதாக ஏறாத வருடத்தில் அது டர்ன்ஓவரைவிடச் சற்றுக் கூடவே இருக்க வேண்டும். டர்ன்ஓவர் 1 கோடி 20 லட்சம், கணக்கு வரவு 70 லட்சம் என்றால், மீதி எங்கே என்ற கேள்வி வரும். வேறு வங்கியில் ஓடுகிறது என்பது பதிலானால் அந்த ஸ்டேட்மென்டையும் கொடுத்தாக வேண்டும்.

இன்னொரு வேலை, கிரெடிட் ரிப்போர்ட். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். தனிநபர் மதிப்பெண் 300 முதல் 900 வரை. நிறுவனத்துக்கு சிபில் எம்எஸ்எம்இ ரேங்க் தனி. அதில் 1 நல்லது, 10 மோசம். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைக்காமல் உள்ளே ஒவ்வொரு கடனாகப் பாருங்கள். எப்போதோ அடைத்த டூவீலர் கடன் இன்னும் பாக்கி என்று நிற்கும். கிரெடிட் கார்டில் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியது ‘செட்டில்டு’ என்று இருக்கும். அது அடைத்துமுடித்த கடனுக்குச் சமமில்லை. மச்சானுக்குப் போட்ட ஜாமீனும் உங்கள் பெயரில் தெரியும், அவர் தவணை தவறியதும் சேர்ந்து தெரியும். பிழை இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

படி 2: எவ்வளவு கேட்பது

சிறு தொழில்களுக்கு ரிசர்வ் வங்கியின் நாயக் கமிட்டி வகுத்த டர்ன்ஓவர் முறைதான் இன்றும் அடிப்படை. எதிர்பார்க்கும் ஆண்டு டர்ன்ஓவரில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம் தேவை என்று வைத்து, அதில் 20 சதவீதத்தை வங்கியும் 5 சதவீதத்தை நீங்களும் போட வேண்டும். டர்ன்ஓவர் 1 கோடி 20 லட்சம் என்றால் தேவை 30 லட்சம். வங்கி 24 லட்சம், உங்கள் கைப்பணம் 6 லட்சம்.

லிமிட் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று டர்ன்ஓவரை ஊதிக் காட்டச் சொல்லும் புரோக்கர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2 கோடி என்று எழுதினால் 40 லட்சம் கிடைக்கலாம். ஆனால் அந்த 2 கோடிதான் இனி உங்களை அளக்கும் கோல். மாதம் 16 லட்சத்து 67 ஆயிரம் கணக்கில் வர வேண்டும். உண்மையில் 10 லட்சம் வருகிறது என்றால், அடுத்த ரினீவலில், அதாவது வருடாந்திரப் புதுப்பிப்பில், வங்கிக்குத் தெரிவது சொன்னதில் 60 சதவீதம் மட்டுமே எட்டிய வியாபாரம். நன்றாக ஓடும் கடை, தானே எழுதிக் கொடுத்த எண்ணால் நலிந்த கடையாகத் தெரியும்.

படி 3: லிமிட் வேறு, டிபி வேறு

புதிதாக சிசி வாங்குவோர் சறுக்கும் முதல் இடம் இது. 24 லட்சம் சாங்ஷன் ஆனதால் 24 லட்சமும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. மாதாமாதம் நீங்கள் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்டிலிருந்து (சரக்கிருப்பும் பாக்கியும் காட்டும் பட்டியல்) டிராயிங் பவர், அதாவது டிபி, கணக்கிடப்படும். லிமிட், டிபி இரண்டில் எது குறைவோ அதுவரைதான் எடுக்க முடியும்.

ஒரு ஜவுளி மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். கையிருப்புச் சரக்கு 22 லட்சம். மில்காரர்களுக்குத் தர வேண்டியது 6 லட்சம். அந்த 6 லட்சத்துச் சரக்கு உங்கள் காசில் வாங்கியதில்லை என்பதால் கழித்துவிடுவார்கள். மிச்சம் 16 லட்சம். 25 சதவீத மார்ஜின் போக 12 லட்சம். கடைகளிலிருந்து வர வேண்டிய பாக்கி 15 லட்சம், அதில் 3 லட்சம் 90 நாளைத் தாண்டியது. தாண்டியதை ஒதுக்கிவிட்டு 12 லட்சம், 40 சதவீத மார்ஜின் போக 7 லட்சத்து 20 ஆயிரம். இரண்டும் சேர்ந்து டிபி 19 லட்சத்து 20 ஆயிரம். கணக்கில் ஏற்கெனவே 21 லட்சம் எடுத்திருந்தால், லிமிட்டுக்குள்தான் இருக்கிறோம் என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்; வங்கியின் பதிவில் 1 லட்சத்து 80 ஆயிரம் மீறல் ஓடிக்கொண்டிருக்கும். வசூலாகாத பழைய பாக்கி டிபியை எப்படித் தின்கிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

ஸ்டேட்மென்டைச் சாங்ஷன் லெட்டரில் சொன்ன தேதிக்குள் கொடுங்கள். தாமதமானால் அபராதக் கட்டணம் விழும். அது சில நூறு ரூபாயோடு போகலாம். அதைவிடப் பெரியது, மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்டை வைத்துக் கணக்கிட்ட டிபியில் பணம் எடுத்தால் அது ஒழுங்கற்ற பற்று என்பதுதான் விதி. அப்படியே 90 நாள் தொடர்ந்தால், கடை அமோகமாக ஓடினாலும் கணக்கு வாராக்கடன்தான்.

போன மாத ஸ்டேட்மென்டைத் தேதி மாற்றிக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இது எளிதில் மாட்டும். ஜிஎஸ்டி கொள்முதலோடு ஒப்பிட்டால் தெரியும். கிடங்கைப் பார்க்க அதிகாரி வந்தாலும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் மார்ச் 31 இருக்கிறது. அந்தத் தேதிக்கு வங்கிக்குக் கொடுத்த சரக்கு மதிப்பும், ஆறேழு மாதம் கழித்து ஆடிட்டர் பேலன்ஸ் ஷீட்டில் போடும் சரக்கு மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். வரிக்காக ஆடிட்டர் சரக்கைக் குறைப்பதும், டிபிக்காக நீங்கள் கூட்டுவதும் ஒரே ஃபைலில் சந்திக்கும் நாள் அது. மார்ச் ஸ்டேட்மென்டை மட்டுமாவது ஆடிட்டரிடம் பேசிவிட்டுக் கொடுங்கள்.

சரக்கு இன்சூரன்ஸில் வங்கியின் பெயரும், கிடங்கின் சரியான முகவரியும் இருக்கட்டும். கிடங்கு மாற்றினால் வங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டிடமும் சொல்ல வேண்டும்.

படி 4: கணக்கில் வங்கி என்ன பார்க்கிறது

முதலில் வரவு. மொத்தமாக எவ்வளவு வந்தது என்பதோடு நிற்காது. உங்கள் இன்னொரு கணக்கிலிருந்து மாற்றியது, வேறு கடன் வாங்கிப் போட்டது, போட்டுத் திரும்பிய செக், மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ உள்ள நிறுவனத்துக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிய தொகை எல்லாவற்றையும் கழித்துவிட்டு எஞ்சுவதே விற்பனை வரவு. டர்ன்ஓவர் காட்டுவதற்காக இரண்டு கணக்குகளுக்கிடையே பணத்தைச் சுற்றவிடுவது பலன் தராது என்பது மட்டுமில்லை, சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடும்.

அடுத்து ஏற்ற இறக்கம். சிசி கணக்கு மூச்சு விட வேண்டும். ஜவுளிக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் லிமிட் நிறைந்திருப்பது இயல்பு. பண்டிகை முடிந்து பாக்கி வசூலானதும் இறங்க வேண்டும். இறங்காமல் வருடம் முழுக்க 95 சதவீதத்திலேயே நின்றால், அந்தப் பணம் சரக்கில் இல்லை, எங்கோ உறைந்துவிட்டது என்று படிப்பார்கள். பல நேரம் அது உண்மையும்கூட: சிசி பணத்தை எடுத்து மனை வாங்கியிருப்பார்கள், இல்லையென்றால் மிஷின் வாங்கியிருப்பார்கள். மிஷினுக்குத் தவணைக் கடன் தனியாகக் கேளுங்கள். அதற்கு வட்டி அரை சதவீதம் கூடுதலாக இருந்தாலும் அதுதான் மலிவு.

மூன்றாவது, திரும்பும் செக்கும் தவணையும். நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்புவதும், உங்களிடம் தந்த செக் திரும்புவதும் தனித்தனியாக எண்ணப்படும். முதலாவது உங்கள் நாணயம்; இரண்டாவது உங்கள் வாடிக்கையாளர்களின் தரம். கையெழுத்து மாறியது, தேதி தவறியது போன்றவை அவ்வளவு பாதிக்காது. நாளை செக் வருகிறது, பணம் போதாது என்று தெரிந்தால், பார்ட்டியிடம் பேசி இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்வது ஒரு ரிட்டர்னைவிட எவ்வளவோ மேல்.

ரொக்கமாகக் கைமாற்றோ தினத்தவணையோ வாங்கினால் வங்கிக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். தினமும் ஒரே தொகை ஒரே ஆளுக்குப் போவதும், மாதக் கடைசியில் உருண்டையாக ஒரு லட்சம், இரண்டு லட்சம் ரொக்கம் உள்ளே வந்து முதல் வாரத்தில் வெளியே போவதும், பார்த்த கண்ணுக்கு உடனே புரியும்.

இனி தேதிகள். இவற்றில் தயவுதாட்சண்யம் கிடையாது. இரவு கணக்கு முடிக்கும்போது கம்ப்யூட்டரே முத்திரை குத்துகிறது. தவணைக் கடனில் மார்ச் 31-ல் கட்ட வேண்டியதைக் கட்டாவிட்டால் அன்றிரவே எஸ்எம்ஏ-0 (எஸ்எம்ஏ என்பது வாராக்கடனாகும் முன் குத்தப்படும் எச்சரிக்கை முத்திரை). தொடர்ந்து பாக்கி நின்றால் ஏப்ரல் 30-ல் எஸ்எம்ஏ-1, மே 30-ல் எஸ்எம்ஏ-2, ஜூன் 29-ல் வாராக்கடன். சிசியில் லிமிட் அல்லது டிபிக்கு மேல் இடைவிடாமல் 30 நாள் தாண்டினால் எஸ்எம்ஏ-1, 60 தாண்டினால் எஸ்எம்ஏ-2, 90 நாள் ஆனால் வாராக்கடன். 90 நாளாக வரவே இல்லாமல் இருந்தாலும், வந்த வரவு அந்த 90 நாளில் பற்று வைத்த வட்டிக்குப் போதாவிட்டாலும் அதே கதிதான்.

இதில் புதியவர்கள் விழும் குழி மாத வட்டி. 24 லட்சம் லிமிட்டையும் முழுதாக எடுத்து வைத்திருக்கிறீர்கள், வட்டி 10.5 சதவீதம் என்று கொள்வோம். மாதக் கடைசி இரவு சுமார் 21,000 ரூபாய் வட்டி பற்றாகும். லிமிட் அந்த நொடியே மீறப்பட்டுவிடும். நீங்கள் ஒரு பைசாவும் கூடுதலாக எடுக்கவில்லை, ஆனாலும் மீறல் நாள் எண்ணத் தொடங்கிவிட்டது. லிமிட்டில் குறைந்தது இரண்டு மாத வட்டி அளவுக்கு இடம் விட்டு வைத்திருங்கள்.

இன்னொன்று, முத்திரை கணக்குக்கு அல்ல, கடனாளிக்கு. அதே வங்கியில் நிறுவனத்தின் பெயரில் வாங்கிய கார் கடன் 90 நாளைத் தாண்டினால், ஒழுங்காக ஓடும் சிசியும் சேர்ந்தே வாராக்கடனாகும். ஒருமுறை ஆகிவிட்டால் பாதியைக் கட்டி மீள முடியாது. வட்டி, அசல் நிலுவை முழுதும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

படி 5: கெட்ட செய்தியை நீங்களே சொல்லுங்கள், எழுத்தில்

பெரிய வாடிக்கையாளர் ஒருவர் 8 லட்சம் தராமல் இழுக்கிறார். மீறல் வரப்போகிறது என்று பத்து நாள் முன்பே உங்களுக்குத் தெரியும். அப்போதே மேலாளரிடம் போனால் தற்காலிகமாகக் கூடுதல் லிமிட் தர வழி உண்டு. மீறிய பிறகு போனால் அதே மேலாளர் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும், அவருக்கே சங்கடம்.

நேரில் பேசுவதோடு விடாதீர்கள். பொதுத்துறை வங்கி மேலாளர் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றலாகிப் போவார். உங்களை, உங்கள் அப்பாவை, கடையின் சீசனை எல்லாம் அறிந்த அந்த மனிதரோடு அந்த அறிவும் வண்டியேறிவிடும். புதிதாக வருபவருக்கு ஃபைலில் இருப்பதுதான் தெரியும். என்ன நடந்தது, எப்போது சரியாகும், எந்தப் பில், எந்தத் தேதியில் பணம் வரும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, பில் நகலோடு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மின்னஞ்சலும் போதும். சொன்ன தேதியில் பணம் வந்தால் அதையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். ரினீவல் நோட் எழுதும்போது அதிகாரி புரட்டுவது இந்தத் தாள்களைத்தான்.

படி 6: ரினீவல்

சிசி லிமிட் ஒரு வருடத்துக்கானது. கெடு தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தாள்களைக் கொடுங்கள்: ஆடிட் செய்த கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருமான வரி ரிட்டர்ன், அடுத்த வருட மதிப்பீடு, உங்களுக்குப் பாக்கி தர வேண்டியவர்கள் பட்டியல். கெடு தேதியிலிருந்து 180 நாளுக்குள் புதுப்பிக்கப்படாத லிமிட்டும் வாராக்கடனாக வகைப்படும். ஆடிட் தாமதம் என்றால் தற்காலிகக் கணக்கைக் கொடுத்து ஓட்டலாம். கொடுக்காமல் இருப்பதுதான் பிரச்சினை.

வங்கி உங்களுக்கு ஓர் உள்மதிப்பீடு போடும். நிதிநிலை, தொழில், உரிமையாளர், கணக்கு நடந்துகொண்ட விதம் எல்லாம் சேர்ந்தது அது. வட்டியில் பெஞ்ச்மார்க்குக்கு, அதாவது அடிப்படை விகிதத்துக்கு, மேல் எவ்வளவு ஏற்றுவது என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. என் ரேட்டிங் என்ன, போன வருடத்தைவிட ஏறியதா என்று கேளுங்கள். ஏறியிருந்தால் வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேட்காதவருக்குத் தானாகக் குறைவது அரிது.

படி 7: வங்கி மாறும் வழியையும் திறந்து வையுங்கள்

ரகுராம் ராஜன், ரிசர்வ் வங்கி ஆளுநராவதற்கு வெகுகாலம் முன், 1994-ல் மிட்செல் பீட்டர்சனுடன் சேர்ந்து அமெரிக்கச் சிறு நிறுவனங்களை ஆராய்ந்தார். வங்கியோடு உறவு நெருங்க நெருங்கக் கடன் கிடைப்பது எளிதாகிறது. வட்டி அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பது அதன் முடிவு. காரணம் சிக்கலானதில்லை. உங்களைப் பற்றி ஒரு வங்கிக்கு மட்டும் தெரியும்போது, நீங்கள் வேறெங்கும் போக மாட்டீர்கள் என்பதும் அந்த வங்கிக்குத் தெரியும்.

அதனால் உங்கள் வரலாறு உங்கள் கையிலும் இருக்கட்டும். சாங்ஷன் லெட்டர்கள், மாத ஸ்டேட்மென்டுகள், சீல் வாங்கிய ஸ்டாக் ஸ்டேட்மென்ட் நகல்கள், வருடாந்திர கிரெடிட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் வருடவாரியாகச் சேமியுங்கள். அக்கவுன்ட் அக்ரிகேட்டர் (கணக்கு விவரத்தைக் கைமாற்றித் தரும் உரிமம் பெற்ற இடைத்தளம்) வழியாக உங்கள் சம்மதத்தோடு கணக்கு விவரத்தை இன்னொரு வங்கிக்கு நேரடியாக அனுப்பவும் முடியும். புதிய வங்கி கடைசி 12 மாதக் கணக்கைப் பார்க்கும், பழைய வங்கியிடம் கருத்தும் கேட்கும். எஸ்எம்ஏ-வில் நிற்கும் கணக்கை எடுத்துக்கொள்ள எவரும் முன்வர மாட்டார்கள். மாற நினைத்தால் கணக்கு நன்றாக ஓடும்போதே மாற வேண்டும்.

சிசியை மூடுவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் சொன்ன அவகாசத்துக்குள் ‘ரினீவல் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துக் கெடு தேதியிலேயே மூடுங்கள். நடுவில் மூடினால் கட்டணம் கேட்க இடமிருக்கிறதா என்று சாங்ஷன் லெட்டரில் பாருங்கள். குறு, சிறு நிறுவனங்களின் மாறும் வட்டித் தொழில் கடன்களில், 2026 ஜனவரி 1 முதல் அனுமதித்தவற்றுக்கும் புதுப்பித்தவற்றுக்கும் வணிக வங்கிகள் முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் வாங்கக் கூடாது. பழைய வங்கியிடம் பாக்கியில்லாச் சான்றும் அசல் பத்திரமும் வாங்கி, செர்சாய் எனும் மத்திய அடமானப் பதிவேட்டில் அடமானம் நீக்கப்பட்டதா என்று பாருங்கள். இரண்டு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தக் கடன் ‘மூடப்பட்டது’ என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் படி 1-ல் சொன்ன அதே புகார்.